சடையன் திருப்பிக் கேட்ட கேள்வி

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாத்தியார்களே, உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்ல வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். பாய்லரைப் பற்றியும் இஞ்சினைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். புத்தகம் படித்து, பரீட்சை எழுதி வந்திருக்கிறீர்கள். அதிலெல்லாம் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. பாடம் நடத்துகிறவன் செய்யக்கூடிய ஒரு தப்பை நான் செய்தேன். முப்பது வருஷமாக அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்மேல் உங்களுக்கு மரியாதை குறைந்தால் குறையட்டும். எனக்கு இனி அதை வைத்துக்கொண்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

இருபதுகளின் நடுவில் நடந்தது. ஈப்போவைச் சுற்றி ஈய லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், பம்பு ஓடாத இடம் கிடையாது. எஸ்டேட்டுகளில் நீராவி இஞ்சின் வைத்து ரப்பர் ஷீட் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் இருந்தால் பாய்லர் இருக்கும். பாய்லர் இருந்தால் அதற்கு டிக்கெட் வாங்கிய டிரைவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். டிக்கெட் என்றால், சர்க்கார் மெஷின் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, அவர் வாயால் கேட்பதற்கு வாயால் பதில் சொல்லித் தேறி வாங்கும் சான்றிதழ்.

நான் ஈப்போவில் ஒரு பெரிய இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தேன். டிரைவர்களுக்குத் தட்டுப்பாடு என்று பட்டறை மேனேஜர் துரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு தொடங்கினார். எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இருந்தது. பட்டறையில் ஆறு வருஷம் கை கறுத்த அனுபவமும் இருந்தது. பிடித்து வாத்தியார் ஆக்கிவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தலையில் தொப்பி, நெஞ்சில் திமிர். கேட்பானேன்!

வகுப்பு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். டவுனில் படித்த பிள்ளைகள் ஏழு பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பாய்லரைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அதே நேரத்தில் எஸ்டேட்டுகளிலிருந்து நாலு பேர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பத்து வருஷம், பதினைந்து வருஷம் பாய்லருக்கு விறகு போட்டு நெருப்பு பார்த்தவர்கள். ஒரு எழுத்து தெரியாது. பெஞ்சில் இடமும் கிடையாது.

அவர்களுக்காக வாய் திறந்தவர் எங்கள் பட்டறையின் தலைமை ஃபிட்டர். காண்டனிலிருந்து வந்த சீனக் கிழவர். அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடித்திருக்காது. எனக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் மேனேஜரிடம் போய், பாய்லர் பக்கத்தில் நிற்கிறவனை வெளியே நிறுத்திவிட்டு யாருக்கு வகுப்பு நடத்துகிறீர்கள் என்று கேட்டார். மேனேஜர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். நாலு பேரும் உள்ளே வந்து பின்னால் நிற்கலாம், பரீட்சையில் நான் மொழிபெயர்க்கலாம். தேறினால் அடுத்த வருஷத்திலிருந்து தமிழிலேயே தனி வகுப்பு. இன்ஸ்பெக்டர் முன்னால் மானத்தை வாங்கினால் அத்தோடு சரி, எஸ்டேட் ஆள் ஒருவனும் பட்டறைக் கேட்டைத் தாண்டக் கூடாது.

அந்த நாலு பேரில் ஒருவர்தான் சடையன். சிம்மோர் பக்கத்து எஸ்டேட். நாற்பது வயது, என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இன்றைக்கு ‘அவர்’ என்கிறேன். அன்றைக்கு ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன்.

பாடம் நடத்திய அழகைக் கேளுங்கள். அறுபது கேள்வி, அறுபது பதில். நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தேன். நான் கேள்வியைச் சொல்ல, எல்லாரும் கூட்டமாகப் பதிலைச் சொல்ல வேண்டும். டவுன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில், பின்னால் நிற்பவர்களுக்குத் தமிழில். ரத்தினம் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, அறுபதையும் தலைகீழாகச் சொல்வான். எனக்குப் பெருமை தாங்காது. அவன் பதில் சொல்லும்போது மேனேஜரை வகுப்புக்குக் கூப்பிட்டு வந்து காட்டியிருக்கிறேன்.

சடையன் வாயே திறக்க மாட்டார். “புரிஞ்சுதா?” என்றால், “புரிஞ்சுதுங்க ஐயா” என்பார். அவ்வளவுதான். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடிகாலையில் பெரட்டில், அதாவது ஆள் எண்ணிப் பேர் கூப்பிடும் இடத்தில், வரிசையாக நிற்க வேண்டும். கங்காணியோ கணக்கு எழுதும் கிராணியோ துரையோ எது கேட்டாலும் ‘ஆமாங்க’ என்று சொல்ல வேண்டும். திருப்பி ஒரு கேள்வி கேட்டால் அது எதிர்த்துப் பேசியதாகக் கணக்கு. எங்கே வெட்ட வேண்டும், எந்த வரிசை என்று கேட்டாலும் அப்படித்தான். சந்தேகத்தை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும்? நானும் லயத்தில், எஸ்டேட் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன்தான் ஐயா. பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டம். ‘எந்தப் பக்கத்துக் காய்ங்க?’ என்று திருப்பிக் கேட்டதற்காக என் அப்பா இடுப்பில் உதை வாங்கியதைப் பார்த்தவன். மிஷன்காரர்கள் எடுத்து வளர்த்தார்கள், இங்கிலீஷ் வந்தது, ஈப்போவுக்கு வந்தேன். எஸ்டேட்டில் பிறந்தவன் என்று பட்டறையில் ஒரு ஈ காக்கைக்கும் நான் சொல்லவில்லை.

சடையன் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார். “ஐயா எந்த எஸ்டேட்டுங்க?”

“நான் ஈப்போக்காரன். ஏன் கேக்குற?”

“இல்லீங்க, தொர கூப்புட்டதும் நீங்க தொப்பிய எடுத்த வேகத்தப் பாத்தேன். எங்க ஆளு மாதிரி இருந்துச்சு. தப்பா நெனைக்காதீங்க.”

“ஒன் வேலையப் பாத்துக்கிட்டு போ” என்றேன். முகம் எரிந்தது. அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள் என்னைக் கேலி செய்யவில்லை, சொந்தம் கொண்டாடத்தான் வந்தார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி அங்கம்மாவும் கூட வந்திருந்தார். ஐந்து மாசக் கர்ப்பம். ஈப்போ ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்று வந்தவர், வகுப்பு முடியும்வரை பட்டறைக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளும்மா.”

“டிரைவரு பொஞ்சாதிய பெரட்டுக்கு கூப்புட மாட்டாங்களாமே, நெசந்தாங்களா?”

“நிஜம்தான். டிரைவருக்கு இஞ்சின் வீட்டுக்கிட்டயே தனி வீடு. பொம்பளைங்க வேலைக்குப் போக வேணாம்.”

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு போயிருச்சுங்க. ரெண்டுமே வேலைக்காட்டுலதான், ரப்பர் பால் வாளி தூக்கறப்ப. இது மூணாவது. அவரு பாஸ் பண்ணிட்டாருன்னா இத நான் காப்பாத்திருவேன்.”

இதற்குமேல் ஒரு மனுஷனுக்குப் பரீட்சையில் என்ன வேண்டும்? இதெல்லாம் தெரிந்துதான் நான் செய்தேன். தெரியாமல் செய்ததாக நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

பரீட்சை பட்டறை முற்றத்தில் நடந்தது. நெருப்பு மூட்டாத ஒரு பாய்லரை நடுவில் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அதைக் காட்டிக் காட்டிக் கேட்பார். அதிகம் பேசாத வெள்ளைக்காரர். டவுன் பிள்ளைகளுக்கு முதலில். ரத்தினம் கேள்வி முடிவதற்குள் பதிலை ஒப்பித்தான், தேறினான். பிறகு எஸ்டேட் ஆட்கள். மூன்று பேர் நான் சொல்லிக்கொடுத்த பதில்களைத் தமிழில் சொன்னார்கள், நான் இங்கிலீஷில் சொன்னேன். இரண்டு பேர் தேறினார்கள், ஒருவர் திணறித் தோற்றார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சடையன். இன்ஸ்பெக்டர் பாய்லரின் முகப்பில் இருந்த தண்ணீர்க் கண்ணாடியைக் காட்டினார். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று வெளியே காட்டும் கண்ணாடிக் குழாய் அது. “நெருப்பு நன்றாக எரிகிறது என்று வைத்துக்கொள். நீராவி சரியாக இருக்கிறது. இந்தக் கண்ணாடியில் தண்ணீர் பாதி நிற்கிறது. நீ என்ன செய்வாய்?”

என் தாளில் அது பதினேழாம் கேள்வி. ‘எல்லாம் சரியாக இருக்கிறது, கண்ணாடியைக் கவனித்துக்கொண்டிருப்பேன்’ என்பது பதில். எல்லாவற்றிலும் சுலபமானது. நான் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு தமிழில் சொன்னேன்.

சடையன் கண்ணாடியையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஐயா, தண்ணி ஆடுதா, ஆடாம நிக்குதான்னு தொரகிட்ட கேளுங்க. ஆடாம நின்னா அது நெசத் தண்ணி இல்லீங்க” என்றார்.

துரையைத் திருப்பிக் கேள்வி கேட்கிறானே மனுஷன்! வகுப்பு போச்சு, என் பேர் போச்சு என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: “திருப்பிக் கேக்கக் கூடாதுய்யா. பதினேழாம் பதில சொல்லு.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபமில்லை. அடடா, இவரும் இப்படித்தானா என்பதுபோல ஒரு பார்வை. தலையைக் குனிந்துகொண்டு “ஆமாங்க” என்றார்.

“என்ன சொல்கிறான்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“கேள்வி இவனுக்குப் புரியவில்லை, சார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “ஆமாங்க” என்றார் சடையன். மூன்றாம் தடவையும் அதே. இன்ஸ்பெக்டர் தாளில் ‘கேள்வி புரியவில்லை’ என்று எழுதி மடித்தார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். எதிர்த்துப் பேசினான் என்ற பேர் வாங்குவதைவிடப் புரியவில்லை என்ற பேர் அவருக்கு நல்லது என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ‘தண்ணி ஆடுறது’ என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. என் அறுபது பதிலில் அது இல்லை. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறான், விளக்கு என்று கேட்டிருந்தால் நான் அம்போதான்.

தலைமை ஃபிட்டர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் வந்து, அந்த ஆள் என்ன கேட்டான் என்றார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் பஜார் மலாய்தான். சொன்னேன். உடனே அவர் என் கையைப் பிடித்துப் பின் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே பட்டறையின் சொந்த பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் காட்டினார். உள்ளே கொதிக்கிற தண்ணீருக்கேற்ப நீர்மட்டம் இலேசாக மேலும் கீழும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை. அடியில் இருந்த குழாயை மூடினார். தண்ணீர் அப்படியே நின்றது, சொட்டு அசையவில்லை.

“ஆயிர் மாத்தி” என்றார். செத்த தண்ணீர். சேறு போய்க் குழாயை அடைத்தால் இப்படித்தான் நிற்கும், உள்ளே பாய்லர் வறண்டுகொண்டிருக்கும், வெளியே கண்ணாடி பாதி என்று காட்டும். ஆற்றுத் தண்ணீர் விடுகிற எஸ்டேட்டில் வேலை செய்தவனுக்குத்தான் இது தெரியும் என்று விளக்கினார். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, இன்ஸ்பெக்டர் இன்னும் மேனேஜர் அறையில்தான் இருக்கிறார், இப்போதே போய்ச் சொல் என்றார்.

போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர், மொழிபெயர்ப்பாளன் கெட்டிக்காரன், அடுத்த வருஷம் தமிழ் வகுப்பை அவன் பொறுப்பிலேயே விடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அதற்கு ஒன்று சொன்னார். “எல்லாரும் கிளிப்பிள்ளைகள். ஒருத்தனாவது என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டால் அங்கேயே டிக்கெட் எழுதிக் கொடுத்துவிடுவேன்.”

கதவைத் தட்ட இதைவிட நல்ல நேரம் வருமா? கையைத் தூக்கினேன். இறக்கிவிட்டேன். திரும்பி வந்து ஃபிட்டரிடம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சாகும்வரை என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

இரண்டு மாசத்தில், ரத்தினத்துக்குச் சடையனின் எஸ்டேட்டிலேயே டிரைவர் வேலை கிடைத்தது. பழைய டிரைவர் காம்பார் லம்பத்துக்குப் போய்விட்டார். டிரைவர் வீட்டில் ரத்தினம் குடியேறினான். சடையன் அவனுக்குக் கீழே நெருப்பு பார்க்கிறவராகவே இருந்தார். அங்கம்மா வயிற்றைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடைமழைக்குப் பிறகு ஆறு கலங்கியிருந்த ஒருநாள் காலை, பால் வந்து இறங்கும் நேரத்தில் அது நடந்தது. சடையனே ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னார். முகமும் இரண்டு கண்ணும் கட்டுப் போட்டிருந்தது, வலது கை தோள்வரை வெந்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

“வாங்கய்யா. உக்காருங்க.”

“கண்ணாடியப் பாத்தியா?” இதைத்தான் முதலில் கேட்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

“பாத்தேங்க. பாதி நின்னுச்சு. ஆடல.”

“ரத்தினத்துகிட்டச் சொன்னியா?”

“ஒருதரம் கேட்டேங்க, தண்ணி ஆடுதா தம்பின்னு. அவரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு, கண்ண எடுக்கவே இல்ல. பாதி இருக்கு லா, எல்லாம் சரியா இருக்கு, டிக்கெட் ஒனக்கா எனக்கான்னாரு.”

“இன்னொரு தரம் சொல்ல வேண்டியதுதானே! கத்த வேண்டியதுதானே!”

“திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களேங்க. படிச்சவங்க எல்லாருமே சரியின்னா, நமக்குத்தான் தப்பாத் தெரியுதோன்னு ஆயிருச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன். அப்புறம் மனசு கேக்கல. கதவத் தொறந்து நானே நெருப்ப வெளிய இழுத்தேன். பாதி இழுக்கறதுக்குள்ள பாய்லர் தகடு விட்டு வெடிச்சுருச்சு.”

கொஞ்ச நேரம் என்று அவர் சொன்னது கால் மணிக்குமேல் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை அவர் வாயில் அடைத்துவைத்தவன் நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதேன். அழுது என்ன புண்ணியம்?

விசாரணை ஈப்போவில் நடந்தது. அதே இன்ஸ்பெக்டர். எஸ்டேட் துரை வந்திருந்தார், ரத்தினம் வந்திருந்தான். மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டிருந்தார்கள். அங்கம்மா நிறைமாசத்தோடு சடையனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு வந்தார். கட்டுப் பிரித்திருந்தார்கள். இரண்டு கண்ணும் இல்லை.

ரத்தினம் பொய் சொல்லவில்லை. கண்ணாடி பாதி காட்டியது, எல்லாம் சரியாக இருந்தது, உத்தரவில்லாமல் இவர் நெருப்பை இழுத்தார் என்றான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எஸ்டேட் துரை அதைப் பிடித்துக்கொண்டார். விவரம் தெரியாத ஆள் பாய்லரில் கை வைத்ததால் வந்த வினை என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு ஏதோ உறுத்தியது. பழைய பரீட்சைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: “விவரம் தெரியாதவன் எதற்கு நெருப்பை இழுக்கிறான்? அன்றைக்கு நான் கேட்ட கேள்வி உனக்கு உண்மையிலேயே புரியவில்லையா? அல்லது நீ வேறு ஏதாவது சொன்னாயா?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். சடையன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று ஒரு மனசு, ஐயோ சொல்லிவிடப் போகிறாரே என்று ஒரு மனசு.

“புரியலைங்க” என்றார். “அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல.”

“பிறகு ஏன் நெருப்பை இழுத்தாய்?”

“தெரியாம செஞ்சுட்டேங்க.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். அது பொய் என்று அந்த அறையில் எனக்குத் தெரியும், சொன்னவருக்குத் தெரியும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அங்கம்மாவுக்குத் தெரியும். விபத்துக்குக் காரணம் நெருப்பு பார்க்கிறவரின் அறியாமை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அதனால் எஸ்டேட்டிலிருந்து நஷ்டஈடு என்று ஒரு காசும் அவருக்கு வரவில்லை.

வெளியே வந்ததும் அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். “ஏன்யா இப்படிச் சொன்னே?”

“உள்ளத சொன்னா ஒங்கள அனுப்பிருவாங்க. நீங்க போயிட்டா வகுப்ப மூடிருவாங்க. நம்ம ஆளு ரெண்டு பேரு டிக்கெட் வாங்கிட்டானுங்க. எங்க எஸ்டேட்டுலயே இன்னும் ஆறு பேரு வரேங்கறானுங்க. எனக்குக் கண்ணு திரும்பி வரப் போறதில்ல. அவனுங்களுக்குச் சொல்லிக் குடுங்க. மொதல்ல தண்ணி ஆடுறதச் சொல்லிக் குடுங்க.”

இன்ஸ்பெக்டருக்கு உண்மையை எழுதி ஒரு கடிதம் தயார் செய்தேன். ஒரு மாசம் சட்டைப் பையில் இருந்தது. சடையனே வேண்டாம் என்றாரே, அவர் ஆசைக்கு மாறாக நடக்கலாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்! பயம் என்று சொல்லுங்கள். கடைசியில் கிழித்துப் போட்டுவிட்டேன். விசாரணை முடிந்த மறு வாரமே அங்கம்மா மறுபடியும் பெரட்டில் நின்றார். லயத்தில் இருக்க வேண்டுமானால் வீட்டில் ஒருவராவது வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மேட்டில் வாளியோடு விழுந்தார். பிள்ளை தங்கவில்லை.

தமிழ் வகுப்பு தொடங்கியது. அறுபது கேள்வித் தாளை அடுப்பில் போட்டேன். யாரும் பின்னால் நிற்கக் கூடாது, எல்லாருக்கும் பெஞ்சு என்று மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கினேன். முதல் நாள் பாடம் கொட்டகையில். ஓடுகிற பாய்லரின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் குழாயை மூடிவிட்டு, பேசாமல் நிற்பேன். யாராவது ஒருவர் ‘தண்ணி ஏன் ஆடல?’ என்று கேட்கிறவரை பாடம் தொடங்காது. முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் கண்ணும் கண்ணாடியில்தான், எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில், நான் எஸ்டேட்டில் பிறந்தவன், கேட்டால் உதைக்க மாட்டேன், கேளுங்கள் என்று சொன்னேன். அப்புறம்தான் ஒருவர் கேட்டார்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு, ‘புரிஞ்சுது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பின்னால் நிற்கிற ஆள் ஏன் பேசவில்லை என்று பாருங்கள். அவர் கேட்பது உங்களுக்கே தெரியாத விஷயமாக இருந்தால், தெரியாது என்று சொல்லுங்கள். நாக்கு ஒன்றும் அறுந்துவிடாது.

இத்தோடு முடித்தால் நான் திருந்திய மனுஷன் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். அதனால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். மறு வருஷப் பரீட்சையில் ஒன்பது பேர் தேறினார்கள். எல்லாரும் எஸ்டேட் ஆட்கள். இரண்டு பேர் இன்ஸ்பெக்டரையே திருப்பிக் கேட்டார்கள், அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட் எழுதினார். அன்று சாயங்காலமே சிம்மோருக்கு ரயிலேறினேன். சடையன் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். யார் என்ன கேட்டான், துரை என்ன சொன்னார், எல்லாம் கேட்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கம்மா வேலை முடிந்து வந்தார். வாளியை இறக்கி வைத்தார். எனக்கு உற்சாகம் அடங்கவில்லை. “அக்கா, ஒன்பது பேர் பாஸ்” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நல்லாருக்கட்டுங்க” என்றார். பிறகு சொன்னார்: “இவரு ஒங்க வகுப்புக்காக பேசுனாரு. எனக்காக நீங்க ஒரு வார்த்த பேசிருக்கலாம். வெசாரண நடந்த அந்த ரூம்ல நீங்களுந்தான இருந்தீங்க?”

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார், கொஞ்ச நேரம். அப்புறம் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சடையன் என் பக்கம் கையை நீட்டித் துழாவி முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “அவ அப்படித்தாங்க ஐயா. மனசுல வெச்சிக்காதீங்க” என்றார்.

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.